ஓரத்தில் விழுந்த விரல்கள்

அய்யாவுக்கு நாய் என்றால் ஆகாது. பன்னிரண்டு வருஷம் நாய்களைக் கட்டிப் பிடித்துக் குடும்பம் நடத்திய ஒருவரைப் பற்றி இப்படி ஆரம்பிப்பது மரியாதை இல்லைதான். ஆனால் அவரே இதை ஒளித்ததில்லை. நீலசந்திராவில் அய்யாவு குடியிருந்த சந்தில் ஏழெட்டு நாய்கள் சுற்றும். ஒன்றுக்குக்கூட அவர் ஒரு பிஸ்கட் போட்டது கிடையாது. கேட்டால், ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பார்.

அந்த ஆபீஸ் அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. டாக்டர் டென்சிலின் பிராணிகள் கிளினிக். அங்கே எக்ஸ்ரே மேசை மேல் ஏற்றப்பட்ட நாய் எப்பேர்ப்பட்ட ரௌடியாக இருந்தாலும் அய்யாவின் கை பட்டதும் அடங்கிவிடும். இடது கை பிடரியில் இருக்கும். வலது கை பின்னங்கால் இரண்டையும் ஒரே பிடியில் சேர்த்து இழுத்து வைத்திருக்கும். வாயால் ஏதோ முனகுவார். அது தாலாட்டும் இல்லை, மந்திரமும் இல்லை. நாஷ்டாவுக்கு என்ன, மத்தியானம் பஸ் கிடைக்குமா என்பது மாதிரியான சமாச்சாரம்தான். நாய் அதைக் கவனமாகக் கேட்கும். கதவோரம் ஈய ஏப்ரன் மாட்டிக்கொண்டு நிற்கும் டாக்டர் பொத்தானை அழுத்துவார். படம் விழுந்துவிடும்.

மற்ற இடங்களில் படம் எடுக்க நாய்க்கு மயக்க ஊசி போடுவார்கள். ஊசி போட்டால் ஒரு மணி நேரம் போகும். கிழட்டு நாயாக இருந்தால் எழுந்திருக்குமா என்று வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று அழுவார்கள். டென்சில் கிளினிக்கில் அந்தப் பேஜாரே இல்லை. ஊசியில்லாமல் படம் என்பதுதான் அந்தக் கிளினிக்கின் பெயர். ஏர்போர்ட் ரோட்டிலிருந்தும் ஜெயநகரிலிருந்தும் காரில் வருவார்கள். பிற்பாடு எலெக்ட்ரானிக் சிட்டி கம்ப்யூட்டர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெயர் டாக்டருக்கு, கை அய்யாவுக்கு என்ற பாகப்பிரிவினையில் இருவருக்குமே வருத்தம் இருந்ததில்லை.

அய்யாவு அந்தக் கிளினிக்குக்கு வந்த விதமும் ஒரு தினுசு. கன்டோன்மெண்டில் ஒரு பழைய மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே டார்க் ரூமில் படம் கழுவுகிற வேலை அவருக்கு. 1991-ல் ஆஸ்பத்திரி புது மெஷின் வாங்கி, பழையதை டென்சிலுக்கு விற்றது. மெஷினோடு கதிரைத் தடுக்க ஈயம் வைத்த ஏப்ரன் ஒன்று, ஈயக் கையுறை ஒரு ஜோடி, அய்யாவு என்று மூன்று உருப்படிகள் கூட வந்தன. மூன்றும் செகண்ட் ஹேண்ட். ஏப்ரனை டாக்டர் எடுத்துக்கொண்டார். கையுறை யானைக் காது கனத்தில் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு பொமரேனியனின் காலைப் பிடிப்பது ஆகிற காரியமில்லை. ஆகவே அது பூனைகளைக் கூடையிலிருந்து எடுக்கப் பயன்பட்டது. பூனை பிறாண்டினால் கையில் காயம் படக்கூடாது பாருங்கள்.

மிஷன் ஆஸ்பத்திரியில் அய்யாவு கற்றது ஒரே ஒரு பாடம். பிலிமில் வேண்டாத வெளிச்சம் படக்கூடாது, வேண்டாத எக்ஸ்ரேயும் படக்கூடாது. சேர்ந்த புதிதில் பிரிக்காத பிலிம் டப்பா ஒன்றை எக்ஸ்ரே ரூம் சுவரோரம் மறந்து வைத்துவிட்டார். மறுநாள் கழுவினால் நூறு பிலிமும் மேகம் கட்டினாற்போல் சாம்பல் பூத்துக் கிடந்தன. பொறுப்பிலிருந்த மலையாளத்து சிஸ்டர் அவரைத் திட்டவில்லை. நூறையும் ஒவ்வொன்றாக விளக்குப் பெட்டியில் மாட்டி, ஒவ்வொன்றையும் அவரைப் பார்க்க வைத்தார். அன்றிலிருந்து பிலிம் என்று பெயர் கொண்ட எதையும் எக்ஸ்ரே இருக்கிற இடத்துக்குக் காரணமில்லாமல் கொண்டு போகமாட்டார். படித்தவர்கள் பலருக்கு ஒரு விஷயமாவது இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அவரைக் கெடுத்தது அந்தத் தெளிவுதான்.

1993-ல் சர்க்கார் உத்தரவு என்று பம்பாயிலிருந்து தபாலில் ஒரு பேட்ஜ் வந்தது. தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் சட்டம், பின்னால் ஒரு கிளிப். எக்ஸ்ரே ரூமில் வேலை செய்கிறவர் அதைச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உள்ளே இருப்பதைத் திருப்பி அனுப்பினால், அந்த ஆள் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று அளந்து ஒரு காகிதத்தில் எழுதி அனுப்புவார்கள். இத்தனையும் உறைக்குள் இங்கிலீஷிலும் இந்தியிலும் அச்சடித்திருந்தது. அய்யாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், கன்னடம் எழுத்துக் கூட்டுவார், இங்கிலீஷில் மருந்துப் பெயர்கள் மட்டும்.

டென்சில் அதை அவர் கையில் கொடுத்து, "போட்டுக்கோ மேன். காஸ்ட்லி ஐட்டம், தொலைச்சிடாதே" என்றார்.

"உள்ள இன்னா டாக்டர் இருக்குது?"

"பிலிம்."

வெளியே ஒரு கர்னலின் லாப்ரடார் வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால் டாக்டர் அதோடு போய்விட்டார். இன்னும் இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் இந்தக் கதை எழுதப்பட்டிருக்காது.

பிலிம் என்று தெரிந்த பிறகு அய்யாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. காலையில் கிளினிக்குக்குள் நுழைந்ததும் பேட்ஜைச் சட்டைப் பையில் மாட்டிக்கொள்வார். வாசலைப் பெருக்கும்போதும், டோக்கன் கொடுக்கும்போதும், டீ வாங்கப் போகும்போதும் அது நெஞ்சில் இருக்கும். எக்ஸ்ரே ரூம் வாசலுக்கு வந்ததும் கழற்றி, வெளியே காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் தொங்கவிடுவார். உள்ளே போய் நாயைப் பிடிப்பார். படம் விழுந்ததும் வெளியே வந்து மறுபடி மாட்டிக்கொள்வார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இவ்வளவு ஒழுங்காக ஒரு தப்பைச் செய்வதற்கு ஒரு நேர்மை வேண்டும்.

மூன்று மாதம் கழித்துக் காகிதம் வந்தது. பேருக்கு நேரே சைபர் போட்டிருந்தது. டென்சில் அதைப் பார்த்து, "குட், மேன்" என்றார். அய்யாவு அதைச் சர்ட்டிபிகேட்டாகவே எடுத்துக்கொண்டார். பிலிமைக் கறை படாமல் காப்பாற்றியதற்குப் பம்பாய்க்காரன் கொடுத்த நற்சான்று. அன்று சாயங்காலம் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் இறங்கிக் கால் கிலோ பிளம் கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மனைவி காந்தா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சைபர் வாங்கினதுக்குக் கேக் வாங்கியாந்த மொதல் ஆளு நீதான்யா" என்றாள். கேக்கைத் தின்றாள்.

அடுத்த மூன்று மாதமும் சைபர். அதற்கடுத்ததும். காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அம்பேத்கர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

பேட்ஜில் விழாதது படத்தில் விழுந்தது. நாயின் இடுப்பைப் படம் எடுத்தால் ஓரத்தில் அய்யாவின் நாலு விரல் எலும்பு வெள்ளையாக வந்து நிற்கும். கூடவே ஒரு தடயம் வேறு. வலது கைச் சுண்டு விரல், சின்ன வயதில் குதிரை வண்டிக் கதவில் நசுங்கிக் கோணலாகக் கூடியது. படத்தில் அது கொக்கி போலத் தெரியும். ஒருநாள் ஓர் அம்மாள் படத்தைத் தூக்கிப் பார்த்து, என் டெய்சிக்கு எப்படி மனுஷ விரல் வந்தது என்று கேட்டுவிட்டார். டென்சில் சிரித்துச் சமாளித்தார். அவர் போனதும் அய்யாவைக் கூப்பிட்டு, இனிமேல் விரல் விழுந்த ஓரத்தைக் கத்தரித்துவிட்டுத்தான் படத்தைக் கொடுக்க வேண்டும், அசிங்கமாக இருக்கிறது என்று சொன்னார். அய்யாவும் ஒப்புக்கொண்டார். தன் விரல் அடுத்தவர் வீட்டு நாயின் படத்தில் இருப்பது முறையில்லை என்று அவருக்கும் பட்டது. டார்க் ரூமில் ஒரு பெரிய கத்தரிக்கோல் வாங்கித் தொங்கவிட்டார். கழுவி, உலர்த்தி, தன் விரல்களைத் தானே வெட்டிப் போட்டார். அதில் அவருக்கு ஒரு கை நேர்த்தி வந்துவிட்டது. நாயின் வாலுக்கும் தன் நகத்துக்கும் நடுவே ஒரு நூலிழை இடம் இருந்தால் போதும், சுத்தமாக வெட்டிவிடுவார்.

வெட்டிய துண்டுகளையும் கெட்டுப்போன படங்களையும் வீட்டுக்குக் கொண்டுபோவார். 1995 தீபாவளிக்கு மறுநாள் காலை சூரிய கிரகணம். சந்தில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். மீதிப் பாதிக்கு அய்யாவு பிலிம் துண்டு வினியோகம் செய்தார். இதன் வழியாகப் பார்ப்பதும் கண்ணுக்கு ஆகாது என்று பேப்பரில் போட்டிருந்தது. ஆனால் சந்தில் பேப்பர் வாங்குகிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்ட கட்சி. தேய்ந்த சூரியனை நீலசந்திரா அன்று அய்யாவின் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தது. அதில் ஒரு முழுப் படம் காந்தாவுக்குப் பிடித்துப்போயிற்று. முந்தின டிசம்பரில் ஒரு பொமரேனியன் துள்ளியதால் கெட்டுப்போன படம். நாய் புகையாகக் கலங்கியிருக்க, நடுவில் அய்யாவின் வலது கை மட்டும் துல்லியமாக, ஐந்து விரலோடு, மணிக்கட்டு வரை விழுந்திருந்தது. மூலையில் ஈய எழுத்தில் கிளினிக் பெயரும் தேதியும் இருந்தன. சமையல்கட்டு ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்த இடத்தில் காந்தா அதைப் பொருத்தி, சுற்றிலும் பசை டேப் ஒட்டினாள். காலை வெயிலில் அது அடுப்புக்கு மேலே ஆசீர்வாதம் செய்வதுபோல் தெரியும். உள்ளபடியே அந்த வீட்டில் அந்தக் கைதான் சோறு போட்டது.

அடுத்த வருஷம் ஒரு சின்னச் சம்பவம். படத்துக்கு நாயைக் கிடத்திவிட்டு டென்சில் எதற்கோ வெளியே போனார். கதவிடுக்கு வழியாக அய்யாவு பார்த்துக்கொண்டிருந்தார். ஆணியில் தொங்கிய பேட்ஜுக்கு முன்னால் டாக்டர் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். அது சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் நேராக்கிவிட்டு, உள்ளே வந்து, ஏப்ரன் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய டாக்டர் ஒரு வேலைக்காரனின் பேட்ஜ் கோணலாய் இருப்பதைக்கூடக் கவனிக்கிறாரே என்று அய்யாவுக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கும் வீட்டில் சொன்னார்.

1998 வாக்கில் விரல்களில் தோல் காய ஆரம்பித்தது. நகத்தில் நெடுக வரி வரியாகக் கோடு விழுந்தது. கழுவுகிற மருந்தால்தான் இப்படி ஆகிறது என்று அவர் முடிவு செய்து தேங்காயெண்ணெய் தடவினார். அப்புறம் கறுப்புப் புள்ளிகள், பிறகு மரு. மோதிர விரலில் ஒரு வெடிப்பு வந்து ஆறாமல் நின்றது. டென்சிலிடம் காட்டினார். டாக்டர் விரலைத் தொடாமல், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, டெட்டால் போட்டுக் கழுவச் சொன்னார். நாயாக இருந்திருந்தால் படம் எடுத்துப் பார்த்திருப்பார்.

2001-ல் நாமக்கல் காலேஜில் படித்துவிட்டுத் தாரணி என்ற பெண் டாக்டர் வேலைக்கு வந்தாள். வந்த மூன்றாம் நாள் ஆணியில் தொங்கும் பேட்ஜைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணா, இது யாருதுங்க?"

"நம்மளுதுதாம்மா."

"நீங்க உள்ள நிக்கறீங்க, இது ஏனுங்க வெளிய தொங்குது?"

அய்யாவு சின்னப் பெண்ணுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். உள்ளே பிலிம் இருக்கிறது, எக்ஸ்ரே பட்டால் கறுத்துவிடும், எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கறுக்க விட்டதில்லை.

தாரணி ஆணியிலிருந்து பேட்ஜை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "அது கறுக்கோணும்ங்கண்ணா. அதுக்குத்தான் குடுத்திருக்காங்க. உங்க மேல எவ்வளவு பட்டுதோ அவ்வளவு அது கறுக்கோணும்" என்றாள்.

அவர் நம்பவில்லை. நம்பாததற்கு அவரிடம் நல்ல காரணம் இருந்தது. அப்படியானால் டாக்டர் சொல்லியிருப்பாரே. அவர் கண்ணாலேயே பார்த்து, கையாலேயே நேராக்கினாரே. அவள் மயக்க ஊசி போட்டுத்தான் படம் எடுக்க வேண்டும் என்று டென்சிலிடம் வாதாடியபோது அய்யாவுக்குக் கோபமே வந்தது. ஊசி வந்தால் அப்புறம் இவர் எதற்கு? அந்தப் பெண் புத்தகத்தில் படித்ததைப் பேசுகிறது, ஊசியில்லாத படம் என்றுதானே ஜனங்கள் நம்மைத் தேடி வருகிறார்கள் என்று டாக்டருக்காக அவரே பரிந்து பேசினார். தன்னைக் காப்பாற்ற வந்தவளை இவ்வளவு சிரத்தையாக எதிர்த்தவர் வேறு யாரும் அந்தக் கிளினிக்கில் இல்லை. டென்சில் சிரித்துக்கொண்டே, "பாத்தியா, அவனுக்கே வேணாமாம்" என்றார்.

ஆனால் அந்த வாரத்திலிருந்து அய்யாவு பேட்ஜைக் கழற்றி மாட்டும்போது ஆணியைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

2003 மார்ச்சில் மோதிர விரல் போயிற்று. சர்க்கார் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சதையைச் சுரண்டிப் பார்த்து, கேன்சர் என்று சொல்லி, அடியோடு எடுத்தார்கள். நடு விரலிலும் சுண்டு விரலிலும் ஆரம்பித்திருப்பதாகவும், அதற்குக் கரண்ட் வைக்கலாம் என்றும் எழுதினார்கள். கரண்ட் என்றால் கதிர்தான். எரித்துக் குணமாக்குகிற கதிர்.

எழுதுமுன் அங்கிருந்த சர்ஜன் விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார். என்ன வேலை, எக்ஸ்ரேயில் கை பட்டதுண்டா. அய்யாவு பிளாஸ்டிக் பையைப் பிரித்து, பத்து வருஷத்துக் காகிதத்தையும் மேசை மேல் வைத்தார். சர்ஜன் மேலாக நாலைப் புரட்டினார். எல்லாம் சைபர். நல்லது என்று சொல்லி, பீடி குடிப்பீரா என்று கேட்டு, ஆமாம் என்றதை எழுதிக்கொண்டார்.

தாரணி இதைக் கேள்விப்பட்டுக் கிளினிக் வாசலிலேயே அவரை நிறுத்தினாள். இந்தக் கை பன்னிரண்டு வருஷக் கதிரை ஏற்கெனவே குடித்திருக்கிறது, இன்னும் அதன் மேல் கரண்ட் வைத்தால் புண் ஆறவே ஆறாது, விரலுக்குப் பதில் கையே போகும், போய் உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். அய்யாவு போய்ச் சொன்னார். சர்ஜன் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். வாயால் ஒன்று சொல்கிறீர், சர்க்கார் காகிதம் வேறு சொல்கிறது, எதை நம்புவது என்று கேட்டார். உம்முடைய டாக்டரிடம் எழுதி வாங்கி வாரும், வருகிற திங்கட்கிழமை கரண்ட் ஆரம்பிக்கிறோம், அதற்குள் வாரும்.

அன்று புதன்கிழமை.

டென்சில் உட்கார வைத்துப் பேசினார். பன்னிரண்டு வருஷத்தில் அய்யாவு அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. டாக்டர் உருக்கமாகத்தான் பேசினார். வருத்தம் பொய்யில்லை, விரலைப் பற்றிக் கேட்டபோது கண்ணும் கலங்கியது. ஆனால் எழுத மட்டும் வரவில்லை. ரெக்கார்டில் சைபர் என்று இருக்கும்போது தான் எப்படி வேறு மாதிரி எழுதுவது, பம்பாய்க்காரன் பொய் சொல்கிறான் என்றா எழுதுவது என்றார்.

அய்யாவு நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார். வீட்டுக்கு வந்து காந்தாவிடம் சொன்னார். அவள் சமையல்கட்டுக்குப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, ஜன்னலில் இருந்த பிலிமை டேப்போடு உரித்து எடுத்தாள். எட்டு வருஷத் தாளிப்புப் புகை ஒரு பக்கம் படிந்திருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள்.

"நீ வெட்டிப்போடாம உட்டது இது ஒண்ணுதான்" என்றாள்.

வியாழக்கிழமை காலை அய்யாவு அதை எடுத்துப் போய் டாக்டர் அறையில் விளக்குப் பெட்டியில் மாட்டினார். டென்சில் பழக்க தோஷத்தில் கிட்டே வந்து பார்த்தார். முதலில் தேதியை. பிறகு நாயை. "மிஸஸ் பின்டோவோட பொமரேனியன்" என்று முணுமுணுத்தார். மெஷின் அப்போது எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்றும் சொன்னார். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அய்யாவு வலது கையைக் கட்டுப் பிரித்து, விளக்குப் பெட்டியில் அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கே ஐந்து விரல், இங்கே நாலு. சுண்டு விரலின் கொக்கி மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தது.

"பேட்ஜு ஆணில தொங்கினத நீங்க பாத்தீங்க டாக்டர்," என்றார். "கோணலா இருந்துச்சி. நேராக்குனீங்க."

டென்சில் விளக்குப் பெட்டியை அணைத்தார். போய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு உட்கார்ந்து, கிளினிக் தாளில், அழகான கையெழுத்தில் எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். பிலிமை மட்டும் எடுத்து மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அது கிளினிக் ரெக்கார்ட், வெளியே போகக்கூடாது என்றார். எட்டு வருஷம் நீலசந்திரா அடுப்பு மேல் இருந்தபோது அது ரெக்கார்டாக இருக்கவில்லை.

டார்க் ரூமில் வைத்துத் தாரணி கடிதத்தைப் படித்துச் சொன்னாள். மூன்றே வரி. முதல் வரி: அய்யாவு என்பவர் 1991 முதல் இங்கே எக்ஸ்ரே எடுக்கும்போது பிராணிகளை வெறுங்கையால் பிடித்து வந்தார், கை நேரடியாகக் கதிரில் பட்டது. அய்யாவு தலையாட்டினார். இதைத்தான் கேட்டார்.

இரண்டாவது வரியில் தாரணியின் குரல் மாறியது. அவருக்குப் பேட்ஜும் ஈயக் கையுறையும் கொடுக்கப்பட்டிருந்தன, பல தடவை எடுத்துச் சொல்லியும் அவர் பிடிவாதமாகக் கையுறையைத் தவிர்த்து, பேட்ஜைக் கழற்றி வெளியே வைத்துவிட்டார். மூன்றாவது வரி: இதற்குக் கிளினிக் எந்த விதத்திலும் பொறுப்பில்லை. அதன் கீழே கையெழுத்து, சீல்.

தாரணிக்கு முகம் சிவந்துவிட்டது. இப்போதே போய்ச் சண்டை போடுகிறேன், கிழித்துப் போட்டு வேறு எழுத வைக்கிறேன் என்றாள். அய்யாவு அவளைக் கையமர்த்தினார். யோசித்துப் பார்த்தால் இரண்டாவது வரியில் முழுப் பொய் என்று தனியாகப் பிரித்தெடுக்க 'எடுத்துச் சொல்லியும்' என்பது மட்டும்தான் இருந்தது. பேட்ஜ் கொடுத்தது நிஜம், கையுறை இருந்தது நிஜம், கழற்றி மாட்டியது அவர் கைதான்.

"ஆஸ்பத்திரிக்கு மொத வரி போதும்ல?"

"போதுங்கண்ணா. ஆனா..."

அவர் ஆணியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். இடது கையில் பிடித்தார், பழக்கமில்லாததால் அது வழுக்கியது. மேஜை விளிம்பில் தாளை வைத்து, முதல் வரிக்குக் கீழே, தன் வழக்கப்படி நூலிழை இடம் விட்டு நேர் பார்த்தார். வேண்டாததை வெட்டிவிட்டு வேண்டியதைக் கொடுப்பது பத்து வருஷமாக அவர் செய்த வேலை. கத்தரிக்கோல் தாளைத் தொட்ட இடத்தில் நின்றது. கையெழுத்து அடியில் இருந்தது. சீலும் அடியில்தான் இருந்தது. பழியை வெட்டினால் அவையும் கூடவே போய்விடும். டாக்டர் படித்தவர், எதை எங்கே வைப்பது என்று தெரிந்தவர்.

அய்யாவு கத்தரிக்கோலை மறுபடி ஆணியில் மாட்டினார்.

சண்டை போட்டு வேறு கடிதம் வாங்கலாம்தான். அதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும். கடிதத்தை அப்படியே மடித்துச் சட்டைப் பையில், பேட்ஜ் இருக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனார்.

சர்ஜன் முதல் வரியைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்தார். கேஸ் ஷீட்டை இழுத்து, கரண்ட் என்று எழுதியிருந்ததைக் குறுக்கே அடித்தார். கெட்ட தோலை மட்டும் எடுத்துத் தொடைத் தோலை ஒட்டலாம், இரண்டு விரலும் பெரும்பாலும் நிற்கும் என்றார். நல்ல வேளை கொண்டுவந்தீர் என்றும் சொன்னார். அப்புறம் மீதியைப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அய்யாவைப் பார்த்தார்.

"அவ்வளவு சொல்லியும் ஏன்யா கழட்டி வச்சே?"

அய்யாவிடம் இதற்குப் பதில் இருந்தது. அது மிஷன் ஆஸ்பத்திரியில், ஒரு சுவரோரத்தில், நூறு பிலிம் டப்பாவில் ஆரம்பித்தது. மலையாளத்து சிஸ்டர், பம்பாய் உறை, வாந்தி எடுத்த லாப்ரடார், நேராக்கிய விரல் எல்லாம் அதில் வரும். சொல்ல அரை மணி நேரம் ஆகும். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். ஒருத்தர் ஏற்கெனவே அவர் முழங்கையை இடித்து, முன்னால் நகரச் சொன்னார். இன்னொன்றும் அவருக்குத் தோன்றியது. கடிதத்தில் ஒரு வரி பொய் என்று அவரே சொன்னால், மற்ற வரியை இவர் எதற்கு நம்ப வேண்டும்? அடித்ததை மறுபடி எழுதிவிட்டால்?

"புத்தியில்ல சார்" என்றார்.

சர்ஜன் அதையும் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார், இங்கிலீஷில்.

தோல் ஒட்டியது. நடு விரல் மடங்காது, சுண்டு விரல் முன்பே கோணல்தான், இப்போது கூடக் கொஞ்சம். நாயின் காலைப் பிடிக்க அந்தக் கை உதவாது. கிளினிக்கில் தாரணி இல்லை, கொளத்தூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஆனால் மயக்க ஊசி வந்துவிட்டது. எக்ஸ்ரே ரூம் கதவில், உள்ளே போகும்போது பேட்ஜ் கட்டாயம் என்று இங்கிலீஷ், கன்னடம், தமிழ் மூன்றிலும் போர்டு எழுதி மாட்டினார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கிளினிக்கில் தமிழில் எழுதப்பட்ட முதல் விஷயம் அதுதான். அதைப் படிக்க வேண்டிய ஆள் வேலையை விட்ட மறுமாதம் அது வந்தது.

ஜூனில் மழை பிடித்தது. பிலிம் இருந்த ஜன்னல் ஓட்டை வழியாகச் சாரல் அடுப்பு மேல் அடித்தது. காந்தா ஸ்டூல் போட்டு ஏறி, அம்பேத்கர் படத்துக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்து, பத்து வருஷத்துக் காகிதத்தையும் அடுக்கி, பையோடு சேர்த்து ஓட்டையில் வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.

"இதுல எதுய்யா மேல் பக்கம்?" என்று கேட்டாள்.

அய்யாவு கட்டிலில் படுத்தபடி அண்ணாந்து பார்த்தார்.

"எப்பிடி வச்சாலும் சைபர்தான். ஒட்டு."